கோழி டாக்டரும் குவானும்

என் கணவர் முப்பத்தோரு வருஷம் கோழிகளுக்குத் தடுப்பூசி போட்டவர். கால்நடைத் துறையில் ஆய்வாளர் வேலை. டாக்டர் பட்டம் கிடையாது. ஆனால் வாலாஜாபாத்திலிருந்து ஓரிக்கை வரைக்கும் ஊர்க்காரர்கள் அவரைக் ‘கோழி டாக்டர்’ என்றுதான் கூப்பிட்டார்கள். அவரும் ஒருநாளும் மறுத்ததில்லை. ஓய்வு பெற்ற அன்று கழுத்தில் மாலையோடு வீட்டுக்கு வந்தவர், மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டு, “இனிமே கோழி மூஞ்சிலியே முழிக்க மாட்டேன்” என்றார். அடுத்த இரண்டாவது வருஷம் மூன்று விமானம் மாறி, பூமிக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஈக்வடார் என்ற நாட்டுக்குப் போய், மழையில் நனைந்து, ஐந்து நாள் ஒரு கோழியைத் தேடினார். கூடவே நானும் போயிருந்தேன். அதனால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அந்தக் கோழிக்குக் குவான் என்று பெயர். அதைக் கோழி என்று நான் சொல்லக் கூடாதாம். தென் அமெரிக்கக் காடுகளில் மரத்துக்கு மேலேயே நடந்து, மரத்துக்கு மேலேயே பழம் தின்று வாழ்கிற பெரிய பறவை அது. வான்கோழியின் உடம்பு, மயிலின் வால் நீளம், முகத்தில் மட்டும் நம் வீட்டுப் பெட்டைக் கோழி சந்தேகத்தோடு திரும்பிப் பார்க்கிற பார்வை. விஞ்ஞானப்படியும் அது கோழி வகைதான் என்று அவரே ஒருநாள் சாப்பிடும்போது வாய் தவறிச் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து நான் விடவில்லை.

அவருக்குக் கேமரா பிடித்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். ஓய்வு பெற்ற பிறகு வீட்டில் உட்கார்ந்து என் சமையலில் குறை கண்டுபிடிக்கும் வேலையை ஒரு மாதம் பார்த்தார். அந்த வேலை நிலைக்காது என்று நான் தெளிவுபடுத்தியதும் காஞ்சிபுரத்தில் இருந்த பறவைப் படச் சங்கத்தில் சேர்ந்தார். சங்கத்தில் பதினோரு பேர். எல்லோரும் ஆண்கள். எல்லோருக்கும் பச்சையும் பழுப்பும் கலந்த சட்டை, அதே மாதிரி தொப்பி. பறவைக்குத் தெரியக் கூடாதாம். பாலாற்று மணலில் செருப்புச் சத்தத்தோடு, செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு போகிறவர்களைச் சட்டை எப்படி மறைக்கும் என்று எனக்குப் புரிந்ததில்லை.

சங்கத் தலைவர் வாலாஜாபாத் பக்கம் அரிசி ஆலை வைத்திருப்பவர். அவர் அப்பா காலத்தில் என் மாமனாரும் மாமியாரும் அந்தக் குடும்பத்து நிலத்தில்தான் நாற்று நட்டார்கள், களை எடுத்தார்கள். இப்போது எங்களுக்கு மாடி வீடு. என் கணவருக்குப் பென்ஷன். எனக்கு அரசு அலுவலகம் ஒன்றில் சான்றிதழ்களைச் சரிபார்க்கிற மேசை. தலைவருக்கு அதில் துளியும் வருத்தம் கிடையாது. “நல்லா முன்னுக்கு வந்துட்டீங்கபா” என்று மனதாரச் சொல்வார். காருக்குள் இருந்தபடியே சொல்வார். வாரத்தில் இரண்டு நாள் விடியற்காலையில் எங்கள் வாசலில் அவர் கார் வந்து நிற்கும், ஹாரன் அடிக்கும், என் கணவர் கேமரா முக்காலியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். நான் காபி கலந்து எடுத்துக்கொண்டு போனால் கண்ணாடியை இறக்கி, “இப்பதான்மா குடிச்சிட்டு வந்தேன்” என்பார். இரண்டு வருஷமாக, எந்த நாளும், அவர் இப்போதுதான் குடித்துவிட்டு வந்திருப்பார்.

ஈக்வடார் யோசனை அவருடையதுதான். ஏரிக்கரையில் நாரை, கொக்கு, நீர்க்காகம் எல்லாம் எடுத்துத் தீர்த்தாகிவிட்டது. பக்கத்து மாவட்டத்துச் சங்கத்துக்காரர் ஒருவர் ஆப்பிரிக்கா போய் வந்து, தீக்கோழிப் படத்தைச் சுவர் அளவு பெரிதாக்கி மாட்டியிருந்தார். தலைவரால் அதைத் தாங்க முடியவில்லை. “சின்னக் குருவியை எவன் வேணும்னாலும் எடுப்பான். பெரிய பறவை, காட்டுப் பறவை, எவனும் பாக்காத பறவை எடுக்கணும்பா” என்றார். அப்படித் தேடியதில் குவான் அகப்பட்டது. அதிலும் ஒரு வகை இருக்கிறது: உடம்பு முழுக்கக் கறுப்பு, தொண்டைக்குக் கீழே மஞ்சளாக ஒரு சதைத் தொங்கல். மேகம் படிந்த மலைக் காட்டில் உயரத்தில் ஒளிந்து வாழும். காண்பதே அரிது. அதை எடுத்து வருவது என்று தீர்மானம் நிறைவேறியது.

நான்கு பேர் போனால்தான் ஏற்பாடு செய்கிறவர்கள் ஒப்புக்கொள்வார்கள். தலைவர், என் கணவர், பட்டுக் கடை வைத்திருக்கும் தெலுங்கு பேசும் நெசவுக் குடும்பத்துத் தம்பி ஒருவர், நான்காவதாக ஒரு வங்கிக்காரர். வங்கிக்காரரின் மனைவி அனுமதி மறுத்துவிட்டார். புத்திசாலிப் பெண். அந்த இடத்தை நிரப்ப என் கணவர் என்னிடம் வந்தார்.

“நீயும் வாயேம்மா. உலகத்தைப் பாத்த மாதிரி இருக்கும்.”

“நான் எதுக்குங்க? எனக்குக் காக்காயையும் குயிலையுமே பிரிச்சுப் பாக்கத் தெரியாது.”

“ஒண்ணும் தெரிய வேணாம். சும்மா இருந்தாப் போதும். ஆள் கணக்குக்குத்தான்.”

இவ்வளவு அன்பாகக் கூப்பிட்டால் யார்தான் மறுப்பார்கள்? விடுப்பு எழுதிக் கொடுத்தேன்.

அந்த நாட்டிலிருந்து திரும்பி வந்தால் மஞ்சள் காய்ச்சலுக்கு ஊசி போட்ட அட்டையைக் காட்ட வேண்டும். நான்கு பேரும் சென்னைக்குப் போனோம். முப்பத்தோரு வருஷத்தில் எத்தனை லட்சம் கோழிகளை இறக்கையைப் பிடித்துத் தூக்கி ஊசி குத்தினாரோ, அந்த மனிதர் தன் சட்டைக் கையைச் சுருட்டிவிட்டதும் வியர்த்துப் போனார். கண்ணை இறுக மூடி, முகத்தை என் தோள் பக்கம் திருப்பிக்கொண்டார். “சீக்கிரம் போடுங்க சிஸ்டர்” என்று குரல் கீச்சென்று வந்தது. எனக்குக் கோழிகள் எல்லாம் ஞாபகம் வந்தன. அட்டையில் முத்திரை சரியாக விழுந்திருக்கிறதா என்று மட்டும் பார்த்து வாங்கிப் பையில் வைத்தேன்.

பெட்டி கட்டும்போது இன்னொரு விஷயம் தெரிந்தது. ஆளுக்கு இவ்வளவு எடை என்று விமானத்தில் கணக்கு. அவருடைய எடையில் லென்ஸும் கேமராவும் அடங்கிவிட்டன. முக்காலி, மழை உறை, மறைப்புத் துணி, உபரி பேட்டரிகள் எல்லாம் என் பெட்டியில். நான் எதற்கு ஆள் கணக்கு என்று அப்போது புரிந்தது. பரவாயில்லை என்று மழை உறைக்குள் சுற்றி இரண்டு பாட்டில் புளிக்காய்ச்சல், ஒரு பாட்டில் எலுமிச்சை ஊறுகாய், ஒரு பொட்டலம் பருப்புப்பொடி வைத்தேன். யாரிடமும் சொல்லவில்லை.

தலைநகரில் இறங்கி, மலைப்பாதையில் வேனில் போய், காட்டோரத்தில் ஒரு பண்ணை வீட்டில் தங்கினோம். மரப் பலகைச் சுவர், தகரக் கூரை, நாலு பக்கமும் பச்சை. காலையில் ஜன்னலைத் திறந்தால் மேகம் சொல்லாமல் கொள்ளாமல் உள்ளே வந்து கட்டிலில் உட்காரும். வீட்டுக்காரி என் வயதுக்காரி. கட்டையாக, பலமாக, ரப்பர் பூட்ஸ் போட்டுக்கொண்டு நடப்பாள். சமைப்பதும் அவள்தான், காட்டில் வழி காட்டுவதும் அவள்தான். அவளுக்கு ஸ்பானிஷ் தவிர வேறு தெரியாது. எங்களுக்கு அது தவிர மற்றவை தெரியும். நடுவில் செல்போன். அவள் அதில் பேசுவாள். அது தமிழில் சொல்லும்.

முதல் மாலை அவள் மரத்தைக் காட்டி என்னமோ நீளமாகச் சொன்னாள். செல்போன் கொஞ்சம் யோசித்துவிட்டு, “நாளைக் காலை கெட்டில் மரத்தில் உட்கார்ந்து பாடும்” என்றது. நாங்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தோம். குவானை அவர்கள் ஊரில் ‘பாவா’ என்கிறார்கள் என்பதும், அந்த மொழி பேசும் வேறொரு நாட்டில் அதே சொல்லுக்குக் கெட்டில் என்று அர்த்தம் என்பதும் பிறகுதான் தெரிந்தது.

மறுநாள் விடிகிற நேரத்தில் வீட்டுக்குப் பின்னால் நின்றுகொண்டு அவள் “பாவா! பாவா!” என்று கூவினாள். பட்டுக் கடைத் தம்பி பல் தேய்த்துக்கொண்டிருந்தவர், பிரஷ் வாயில் இருக்க, “ஆ?” என்று திரும்பிப் பார்த்தார். அவர்கள் வீட்டில் அக்காள் கணவரையும், கட்டிக்கொள்ளப் போகிற முறைப் பையனையும் பாவா என்றுதான் கூப்பிடுவார்கள். ஊரில் மைத்துனிகள் அவரை அப்படிக் கூப்பிட்டே பழக்கம். “என்னைய ஏன் அக்கா இந்தம்மா கூப்புடுது?” என்று என்னிடம் கேட்டார். நான் பதில் சொல்வதற்குள் மரத்திலிருந்து பழுப்பு நிறத்தில், நீல முகத்தோடு, நான்கு பெரிய பறவைகள் தடதடவென்று இறங்கி வந்தன.

அவை சாதாரண வகைக் குவான்கள். கறுப்பு இல்லை. வீட்டுக்காரி ஒரு கட்டையின் மேல் வாழைப்பழத்தை உரித்து வைத்திருந்தாள். அவை வந்து, சண்டை போட்டுக்கொண்டு, தின்றன. பின்னாலேயே பெரிய அலகு வைத்த டூக்கான் ஒன்றும் வந்து பங்கு கேட்டது. எங்கள் ஆண்கள் மூவரும் துணிக்கூடாரத்துக்குள் ஒளிந்துகொண்டு, லென்ஸை மட்டும் வெளியே நீட்டி, மெஷின் தறி ஓடுகிற சத்தத்தில் படம் எடுத்துத் தள்ளினார்கள். பறவைகள் ஒருதரம் கூடாரத்தைப் பார்த்துவிட்டு மறுபடி வாழைப்பழத்துக்குப் போய்விட்டன. நானும் வீட்டுக்காரியும் ஐந்தடி தள்ளி நின்று பேசிக்கொண்டிருந்தோம். எங்களை அவை சட்டையே செய்யவில்லை.

காலைச் சாப்பாட்டின்போது மூவரும் கேமராவின் சின்னத் திரையில் வாழைப்பழம் தெரியாத படங்களைத் தேடினார்கள். தெரிந்தவற்றில் எப்படி வெட்டினால் மறையும் என்று ஆராய்ந்தார்கள்.

“எதுக்குங்க வெட்டணும்?” என்றேன்.

தலைவர் பொறுமையாக விளக்கினார். “பழம் தெரிஞ்சா இயற்கையா இருக்காதும்மா. காட்டுல அலைஞ்சு எடுத்த மாதிரி இருக்கணும்.”

“நம்ம மாடியில சோறு வெச்சா காக்காவும்தான் வருது. அதையும் இப்படியே எடுக்கலாமே.”

“உனக்குத் தெரியாதும்மா, நீ சும்மா இரு” என்றார் என் கணவர். சும்மா இருப்பதற்குத்தான் நான் வந்திருந்தேன். ஆகவே இருந்தேன்.

கறுப்புக் குவான் வாழைப்பழத்துக்கு மயங்குகிற ஜாதி இல்லை. அடுத்த மூன்று நாளும் அதைத் தேடி மலை ஏறினார்கள். விடியுமுன் எங்கோ உச்சியில் அது கத்தும். நெஞ்சில் கோழை கட்டிய கிழவர் மூச்சு இழுக்கிற மாதிரி, அடித்தொண்டையிலிருந்து மெதுவாக ஏறும் ஒரு சத்தம். அதைக் கேட்டதும் மூவரும் எழுந்து ஓடுவார்கள். மேலே போய்ச் சேர்வதற்குள் அது கீழே கத்தும். மழை வரும். லென்ஸில் ஆவி படியும். துடைப்பார்கள். வெயில் வரும்போது பேட்டரி தீர்ந்திருக்கும். மூன்றாம் நாள் என் கணவருக்கு ஒரு நொடி தரிசனம் கிடைத்தது. எடுத்துவந்த படத்தை எனக்குக் காட்டினார். கறுப்பாக ஏதோ இலைக்குப் பின்னால் இருந்தது.

“இது வாலு. தெரியுதா?”

“தெரியுதுங்க. குடை மாதிரி இருக்குது.”

அன்று முழுக்க என்னோடு பேசவில்லை.

சாப்பாடு தினமும் ஒரே மாதிரி. உப்பு குறைவாக ஒரு சூப், சோறு, பயறு, வறுத்த வாழைக்காய். அவள் நன்றாகத்தான் சமைத்தாள். நம் நாக்குக்குத்தான் காரம் இல்லாமல் போரடித்தது. நானும் என் கணவரும் எங்கள் தட்டை அறைக்கு எடுத்துப் போய், கதவைச் சாத்திக்கொண்டு, புளிக்காய்ச்சலைப் பிசைந்து சாப்பிட்டோம். நான்காம் நாள் மாலை கதவு தட்டும் சத்தம். திறந்தால் தலைவர். மூன்று நாள் மழையில் மீசை தொங்கிப் போயிருந்தது.

“இன்னாப்பா டாக்டர், சாப்ட்டாச்சா?” என்றார். அவர் கண் டாக்டர் மேல் இல்லை. கட்டில் ஓரத்தில் இருந்த பாட்டில் மேல் இருந்தது. “இல்ல, ஏதோ வாசன வந்துது. அதான்.”

“புளிக்காய்ச்சல்ங்க” என்றேன். “வீட்டுல கிளறினது.”

வேண்டுமென்றேதான் ‘வீட்டுல’ என்று அழுத்திச் சொன்னேன். அவர் ஒரு விநாடி நின்றார். பிறகு உள்ளே வந்து, என் கட்டிலில் உட்கார்ந்து, “கொஞ்சம் போடு தங்கச்சி, வாய் செத்துப் போச்சு” என்றார்.

இரண்டு வருஷமாக ‘வாம்மா போம்மா’ என்றவருக்கு நான் தங்கச்சி ஆன நேரம் அது. என் தட்டைக் கழுவிக் கொடுத்தேன். பிசைந்து போட்டேன். ஊறுகாயும் வைத்தேன். மூன்று முறை வாங்கிச் சாப்பிட்டார். விரலை ஒவ்வொன்றாகச் சப்பி, பாட்டில் மூடியில் ஒட்டியிருந்ததையும் வழித்தார். “எங்க வீட்டுல இப்படி வராது” என்று கண்ணில் நீரோடு சொன்னார். காரத்தால் வந்த நீர்தான். அவர் போன பிறகு என் கணவர் ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு, “பாவம், மனுசனுக்குப் பசி” என்றார்.

“இங்க கார் நிறுத்த இடம் இல்ல, அதான் இறங்கி வந்துட்டாரு” என்றேன்.

அவருக்குப் புரிந்தது. திரும்பவில்லை. காது மட்டும் சிவந்தது.

ஐந்தாம் நாள்தான் கடைசி நாள். மூவரும் விடியுமுன்பே உச்சிக்குப் போய்விட்டார்கள். என் முழங்கால் ஒத்துழைக்க மறுத்ததால் நான் வீட்டுக்காரியோடு இருந்தேன். அவள் சமையல்கட்டுக்குப் பின்னால் கம்பி வலை கட்டிக் கோழி வளர்த்தாள். நானும் தீனி போட்டேன். அவள் தன் மாமனார் கதையைச் சைகையில் சொன்னாள். துப்பாக்கியைத் தோளில் வைத்தாள், மரத்தைக் காட்டினாள், “பாவா” என்றாள், பெரிய பாத்திரத்தைக் கிளறுகிற மாதிரி செய்து, விரலைச் சப்பினாள். பிறகு என் கணவர் கூட்டம் போன திசையைக் காட்டி, கேமராவைத் தூக்குகிற மாதிரி செய்து, கையைத் தட்டிவிட்டாள். இவர்கள் மாதிரி ஆட்கள் வர ஆரம்பித்த பிறகு அடிப்பதை விட்டுவிட்டார்கள் என்று புரிந்துகொண்டேன். நான் எங்கள் ஊர்க் கோழிக் குழம்பைச் சைகையில் விவரித்தேன். நாங்கள் இருவரும் சிரித்துக்கொண்டிருந்தபோது அவள் சட்டென்று என் கையைப் பிடித்தாள்.

வலைக்கு இந்தப் பக்கம் ஒரு சின்ன மரம், கறுத்த சிறு பழங்களோடு. அதன் தாழ்ந்த கிளையில் அது நின்றுகொண்டிருந்தது. என்னிடமிருந்து எட்டடி தூரம் இருக்கும். மயில்கழுத்துப் பட்டைக் கறுப்பில் நெய்து வெளிச்சத்தில் புரட்டினால் ஒரு பளபளப்பு ஓடுமே, அது உடம்பெல்லாம் ஓடியது. தொண்டைக்குக் கீழே மஞ்சள் சதை நீளமாகத் தொங்கி, அது தலையைத் திருப்பும்போதெல்லாம் ஆடியது. ஒரு பழத்தைப் பறித்து விழுங்கியது. என்னைப் பார்த்தது. கோழி என்று கேலி பேசியதற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டேன். மடியில் இருந்த செல்போனை மெதுவாகத் தூக்கி, நாலு படம் எடுத்தேன். அதில் இரண்டு வீண்.

அந்த நேரம் பார்த்து என் கணவர் சறுக்கி விழுந்து, மற்ற இருவரையும் விட்டுவிட்டு, சேறும் சகதியுமாகக் கீழே வந்துகொண்டிருந்தார். நான் வாயில் விரலை வைத்து, மறு கையால் மரத்தைக் காட்டினேன். அவர் முகம் மாறியதை இன்னும் மறக்கவில்லை. கல்யாணத்தன்று என்னைப் பார்த்தபோதுகூட அப்படி மாறியதில்லை.

குனிந்து குனிந்து வந்தார். லென்ஸைத் தூக்கினார். வளையத்தைத் திருப்பினார். மறுபடி திருப்பினார்.

“இன்னாங்க?” என்று கிசுகிசுத்தேன்.

“கிட்ட இருக்குது.”

“கிட்ட இருந்தா நல்லதுதானே?”

“இந்த லென்ஸுக்கு அவ்ளோ கிட்ட கண்ணு தெரியாதும்மா. பதினஞ்சு அடியாவது தள்ளி இருக்கணும்.”

பூமியைச் சுற்றித் தேடி வந்த பறவை பக்கத்தில் வந்துவிட்டது. அதுதான் இப்போது பிரச்சினை. பின்னால் நகர ஆரம்பித்தார். கண் லென்ஸிலேயே இருக்க, ஒரு அடி, இரண்டடி. நான் கையை ஆட்டினேன். வீட்டுக்காரி ஸ்பானிஷில் எச்சரித்தாள். அவர் கேட்கிற நிலையில் இல்லை. ஏழாவது அடியில் கம்பி வலை முதுகில் பட்டது, பழைய வலை, அப்படியே சாய்ந்தது, அவரும் சாய்ந்தார். கோழிக்கூட்டத்துக்கு நடுவில் லென்ஸை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு மல்லாந்து விழுந்தார். இருபது கோழிகள் ஒரே நேரத்தில் போட்ட கூச்சலில் குவான் இறக்கையை விரித்தது. காற்றில் துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம். மேகத்துக்குள் போயே போய்விட்டது.

ஓடிப்போய்த் தூக்கினேன். அடி ஒன்றும் இல்லை. தலையில் இறகு, சட்டையில் எச்சம். ஒரு சேவல் அவர் தொப்பி மேல் ஏறி நின்றது. சிரிப்பை அடக்க நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். ஆனால் அவர் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு தானாக அடங்கிவிட்டது. அறுபது வயது ஆள், அழுகிற நிலையில் இருந்தார்.

செல்போனை அவர் கையில் கொடுத்தேன். எழுந்திருக்காமல், கோழிகளுக்கு நடுவில் உட்கார்ந்தபடியே, நெடுநேரம் பார்த்தார். விரலால் பெரிதாக்கினார். தள்ளினார். மறுபடி பெரிதாக்கினார்.

“கழுத்துத் தாடி நல்லா வந்திருக்குது” என்றார் கடைசியில். “கண்ணும் கூர்மையா இருக்குது. ரொம்ப நல்லா எடுத்திருக்கேம்மா.”

அந்தப் பயணத்தில் அவர் என்னிடம் சொன்ன ஒரே நல்ல வார்த்தை அது. நான் அதைச் சேர்த்து வைத்திருக்கிறேன். ஏனென்றால் அதற்குப் பிறகு நடந்ததற்கு அது தேவைப்பட்டது.

காஞ்சிபுரம் திரும்பினோம். முதல் வாரமே வாசலில் ஹாரன் கேட்டது. நான் சோதித்துப் பார்க்கத்தான் காபியோடு போனேன். கண்ணாடி இறங்கியது. “இப்பதான்மா குடிச்சிட்டு வந்தேன்.” தங்கச்சி அந்த நாட்டிலேயே தங்கிவிட்டாள்போல. அந்தக் காபியை அவர் பார்வையில் படும்படி கேட்டருகே நின்று நானே குடித்து முடித்தேன். நல்ல காபி.

அடுத்து, ஒரு கல்யாண மண்டபத்தில் சங்கம் கண்காட்சி வைத்தது. மூவரும் எடுத்து வந்ததில் வாழைப்பழம் வெட்டிய குவான்கள் ஏராளம். கறுப்புக் குவான் யாரிடமும் இல்லை. என்னிடம் மட்டும் இருந்தது. அதை என் பெயரிலேயே கண்காட்சிக்குக் கொடுத்திருந்தேன். நோட்டீசிலோ, முதல் சுற்றில் இல்லாத ஒரு வரி இரண்டாம் சுற்றில் சேர்ந்திருந்தது: ‘கேமராவில் எடுத்த படங்கள் மட்டுமே ஏற்கப்படும்.’ மனு வந்த பிறகு விதி எழுதுவது எப்படி என்று எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. நான் வேலை பார்க்கிற மேசை அப்படிப்பட்டது.

ஒருநாள் சாப்பிட உட்கார்ந்தபோது என் கணவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே பேசினார்.

“தலைவர் சொல்றாரு, அந்தப் படத்தை வெச்சே ஆகணுமாம். போஸ்டருக்கே அதுதானாம்.”

“வெக்கச் சொல்லுங்க.”

“செல்போன் படம்னா விதி இடம் கொடுக்காதாம். அதனால என் பேர்ல போட்டுடலாம்னு சொல்றாரு.”

என் பெயரில் இருந்தால் அது செல்போன் படம். அவர் பெயரில் இருந்தால் அது கேமரா படம். நான் ரசத்தை ஊற்றினேன்.

“வீட்டுக்குள்ளதானேம்மா” என்றார்.

“ஆமாங்க. அப்போ உங்க பென்ஷன் ஆர்டரை என் பேருக்கு மாத்திக்கலாமா? அதுவும் வீட்டுக்குள்ளதானே.”

இரண்டு நாள் வீட்டில் பேச்சு இல்லை. கண்காட்சி அன்று நான் தனியாகத்தான் போனேன். நுழைந்ததும் நடுச்சுவரில் அது இருந்தது, ஒரு ஆள் உயரத்துக்கு. என் செல்போனில் இருந்தது இவ்வளவு பெரிதாகும் என்று நான் நினைக்கவில்லை. கீழே அட்டை. பறவையின் பெயர், நாடு. ‘எடுத்தவர்’ என்று போட்டு, இரண்டு புள்ளி வைத்து, அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை. உற்றுப் பார்த்தால் ஒட்டிய பெயரைக் கிழித்த தடம் இருந்தது. என் கணவர்தான் கிழித்திருந்தார். தன் பெயரை எடுக்கிற அளவுக்கு நாணயம் இருந்தது. என் பெயரைப் போடுகிற அளவுக்குத் துணிச்சல் வரவில்லை. முப்பத்து மூன்று வருஷக் குடித்தனத்தில் எனக்குக் கிடைத்தது நாலங்குல வெற்றிடம். அதிலும் ஒரு மரியாதை இருந்தது என்று, கோபம் தணிந்த பிறகு, ஒப்புக்கொண்டேன்.

சிறப்பு விருந்தினராக வந்த அதிகாரி அந்தப் படத்தின் முன்னால்தான் நெடுநேரம் நின்றார். “யார் எடுத்தது?” என்று கேட்டார். தலைவர் என் கணவரைப் பார்த்தார். என் கணவர் தரையைப் பார்த்தார். பின்னால் இருந்து பட்டுக் கடைத் தம்பி, கடையில் வியாபாரம் பேசுகிற அதே உரத்த குரலில், “அது அக்கா எடுத்தது சார். செல்போன்ல” என்றார். “நாங்க மூணு பேரு மலையில உருண்டுக்கினு இருந்தோம். அக்கா கோழிக்குத் தீனி போட்டுக்கினே எடுத்துட்டாங்க.”

மண்டபம் சிரித்தது. அதிகாரி என்னைத் தேடினார். நான் முன்னால் நகர்வதற்குள் தலைவர் மைக்கைப் பிடித்துவிட்டார். “நமது சங்கக் குடும்பத்தினர் ஒருவர் எடுத்த படம்” என்று அறிவித்து, தேநீருக்கு அழைத்தார். நான் குடும்பத்தினர் ஆனேன். பக்கத்தில் நின்ற ஒரு அம்மாள் மட்டும் படத்தை ஏற இறங்கப் பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாள்: “இது கறி எப்படி இருக்கும்?”

வீட்டுக்குப் போகும்போது என் கணவர் ஸ்கூட்டரை வழக்கத்தைவிட மெதுவாக ஓட்டினார். ரங்கசாமி குளம் தாண்டியதும், “அவன் சொன்னது நல்லதாப் போச்சு” என்றார். “நீங்க சொல்லியிருந்தா இன்னும் நல்லா இருந்திருக்கும்” என்றேன். “ஆமாம்மா” என்றார். அவ்வளவுதான் பேசினோம்.

மறுவாரம் நான் சங்கத்தில் உறுப்பினராகச் சேர விண்ணப்பம் கொடுத்தேன். முறையாக, மூன்று பக்கம், இணைப்பாகக் குவான் படம் இரண்டு நகல், என் அடையாளச் சான்று. பெண்கள் சேரக் கூடாது என்று விதி இல்லை. இதுவரை யாரும் கேட்காததால் எழுதாமல் விட்டிருக்கிறார்கள். தலைவர், “செயற்குழுவுல வெச்சுப் பாக்கறோம்மா” என்றார். செயற்குழுவின் செயலாளர் என் கணவர். ஆகவே அந்த விண்ணப்பம் எங்கள் வீட்டு அலமாரியிலேயே, கேமரா கையேட்டுக்கு அடியில் இருக்கிறது. தூசி தட்டும்போது பார்ப்பேன். கேட்டால், “பரிசீலனையில இருக்குதும்மா” என்கிறார்.

நான் கோபப்படவில்லை. என் மேசைக்கு முன்னால் நின்ற எத்தனை பேரை நானே ‘அடுத்த வாரம் வாங்க’ என்று அனுப்பியிருக்கிறேன். அவர்கள் முகமெல்லாம் இப்போது ஒவ்வொன்றாக ஞாபகம் வருகிறது. ஆனால் நடைமுறை என்று ஒன்று இருக்கிறது. நான்கு மாதம் பொறுத்துவிட்டு, போன வாரம் நினைவூட்டுக் கடிதம் ஒன்று எழுதி, சங்கச் செயலாளர் பெயருக்கு, எங்கள் வீட்டு முகவரிக்கே பதிவுத் தபாலில் அனுப்பினேன். தபால்காரர் கொண்டுவந்தபோது நான் சமையல்கட்டில் இருந்தேன். என் கணவர்தான் வாசலுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொண்டார்.